தொண்டி வல்லத்துக்கு மரைன் ஸ்பீக்கர்: எது தாங்கும், எப்படி மாட்டணும்

கடல்ல ஓடுற படகுக்கு ஸ்பீக்கர் வாங்கப் போறீங்கன்னா பெட்டி மேல போட்டிருக்க ஐபி நம்பர மட்டும் நம்பி வாங்காதீங்க, அது தண்ணிக்கும் தூசிக்கும் மட்டும்தான் பதில் சொல்லும், உப்புக்கும் வெயிலுக்கும் சொல்லாது. இத எடுத்த எடுப்புலயே சொல்லிர்றேன், ஏன்னா மதுரை டவுன்ஹால் ரோட்டுல நான் ஏறி எறங்குன கடையில பாதிக்கு மேல "அண்ணே இது ஐபி 67, தண்ணிக்குள்ளயே போடலாம்"னுதான் ஆரம்பிச்சாய்ங்க, உப்புக்காத்து தாங்குமான்னு கேட்டா பதில் இல்ல. அவய்ங்க மேலயும் தப்பு சொல்ல முடியாது, மதுரையில யாரு படகுக்கு ஸ்பீக்கர் கேட்டு வர்றா, காருக்கும் வேனுக்கும் கேட்டு வர்ற ஆளுகளுக்குத்தான் சரக்கு வச்சிருப்பாய்ங்க.

விஷயம் என்னன்னா என் மச்சினன் ராமநாதபுரம் மாவட்டம் தொண்டியில ஃபைபர் வல்லம் வச்சு தொழில் பாக்குறான். உள்ள டீசல் எஞ்சின், கேபின் கெடையாது, மேல ஒரு மறப்பும் இல்ல. ராத்திரி வலைய விட்டுட்டு விடியிற வரைக்கும் காத்துக் கெடக்குற நேரத்துல பாட்டு, ரேடியோ, வானிலைச் செய்தி இதெல்லாம் இல்லாம முடியாது, போன்ல வச்சா காத்துச் சத்தத்துல ஒரு வரி காதுல விழாது. இதுக்கு முன்னாடி அங்கிட்டு ஒருத்தர் கார்ல போடுற சாதா ஸ்பீக்கர் ரெண்ட மாட்டிக் குடுத்திருந்தாரு, ஐப்பசி கார்த்திகை மழைய தாண்டல. நான் போய் கழட்டிப் பாத்தப்ப சவுண்ட தள்ளுற பேப்பர் கோன் ஊறி ஓரம் பிஞ்சிருக்கு, சுத்தி இருந்த ஃபோம் தொட்டாலே உதிருது, இரும்புக் கூண்டு பொருக்கு பொருக்கா துரு, அத அசைக்கிற வாய்ஸ் காயில் கம்பிச்சுருளுக்குள்ள உப்பும் துருவும் அடைச்சு கோன அமுக்குனா அசையவே இல்ல, பின்னாடி வயர் மாட்டுற டெர்மினல் பச்சை பூத்துப் போய் வயர இழுத்தவுடனே கையோட வந்துருச்சு. என்ன பாத்து வாங்கணும்னு எனக்குப் பூரா வெளக்குனது அந்தச் செத்த ஸ்பீக்கர்தான், அதுல எது எது போயிருந்துச்சோ அது ஒவ்வொண்ணுக்கும் மாத்து இருக்கான்னு பாத்தேன்.

ஐபி நம்பர் என்னன்னு தெரிஞ்சிக்கிட்டா கடைக்காரர்கிட்ட பேச லேசா இருக்கும். முதல் எண் தூசிக்கு, 6ன்னா தூசி உள்ள போகவே போகாது. ரெண்டாவது எண் தண்ணிக்கு, 5ன்னா குழாய் வச்சு பீச்சினா தாங்கும், 6ன்னா அதவிட வேகமா பீச்சினாலும் தாங்கும், 7ன்னா ஒரு மீட்டர் ஆழத்துல அரைமணி நேரம் முங்கிக் கெடந்தாலும் உள்ள எறங்காது. தூசிக்கு சோதிக்கலைன்னா அந்த எடத்துல எக்ஸ் போட்டு ஐபிஎக்ஸ் 5, ஐபிஎக்ஸ் 7னு எழுதுவாங்க. இதுல முக்கியமானது, இந்தச் சோதனையெல்லாம் நல்ல தண்ணியில பண்றது. கடல் தண்ணி தெறிச்சு காஞ்சா உப்பு அங்கயே உக்காந்துக்கிரும், ராத்திரி காத்துல இருக்க ஈரத்த அந்த உப்பு இழுத்து வச்சிக்கிரும், அதனால மேலுக்கு காஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் இரும்பு அரிக்கிறது நிக்கவே நிக்காது. கைல தூக்கிட்டுப் போற ப்ளூடூத் ஸ்பீக்கர் ஐபி 67 போட்டது நெறைய பேர் கடலுக்கு கொண்டு போறாங்க, தண்ணியில விழுந்தா பொழைச்சுக்கிரும், ஆனா சார்ஜிங் ஓட்டையில உப்பு காஞ்சிருக்கது தெரியாம அப்படியே பின்ன சொருகுனீங்கன்னா அங்கதான் அதோட கதை முடியும்.

அப்ப என்னத்த பாக்குறது. மரைன்னு உண்மையிலயே செஞ்ச சாமான்ல உப்புத்தண்ணிய பனி மாதிரி அடிச்சுப் பாக்குற சோதனையும் வெயில் சோதனையும் பண்ணிருக்கோம்னு மேனுவல்ல போட்டிருப்பாங்க, உப்புக்கு ஏஎஸ்டிஎம் பி117, வெயிலுக்கு ஏஎஸ்டிஎம் டி4329, இந்த ரெண்டு பேரு கண்ணுல பட்டா அந்தக் கம்பெனி கொஞ்சம் மெனக்கெட்டிருக்குன்னு அர்த்தம். கோன் பாலிப்ராப்பிலின்ல இருக்கணும், பேப்பர் கூடவே கூடாது. கோனச் சுத்தி இருக்க வளையம் ரப்பரா இருக்கணும், ஃபோம் வேணாம். கூண்டு இரும்பு இல்லாம பிளாஸ்டிக்கா இருக்கணும், காருக்கு வாங்குறப்ப பிளாஸ்டிக் கூண்டுன்னா மட்டம்னு நெனப்போம், படகுல அதுதான் உசத்தி. அந்த பிளாஸ்டிக்கும் ஏஎஸ்ஏன்னு ஒரு வகை இருக்கு, அது வெயில் தாங்கும், சாதா ஏபிஎஸ்னா வெயில்ல கெடந்து மஞ்சளாகி நொறுங்கிரும். காந்தத்துக்கு மேல ரப்பர் உறையோ பிளாஸ்டிக் மூடியோ போட்டிருக்கான்னு ஸ்பீக்கர திருப்பிப் பாருங்க, முன்னாடி பளபளன்னு வெள்ளையா இருக்கும், பின்னாடி காந்தம் வெறுமனே நிக்கும், அப்படி இருந்தா பேருக்கு மரைன்னு எழுதுனது. கலரு வெள்ளையோ லேசான சாம்பலோ எடுங்க, கருப்பு எடுத்தா மத்தியான வெயில்ல கை வைக்க முடியாது, அந்தச் சூடு ரப்பருக்கும் பசைக்கும் ஆகாது.

ஜேபிஎல், இன்ஃபினிட்டி, சோனி, பயோனியர், கென்வுட் எல்லாரும் மரைன் ஸ்பீக்கர் செய்றாங்க, ஃபியூஷன்னு படகுக்குன்னே செய்ற கம்பெனி ஒண்ணு இருக்கு, 2014ல கார்மின் வாங்குனது, அது நம்ம பக்கம் கடையில கண்ணுக்கே தட்டுப்படல, வெலையும் எட்டாது. நான் கடைசியா எடுத்தது கென்வுட்டோட 6.5 இஞ்ச் மரைன் கோஆக்சியல் (பெரிய கோனுக்கு நடுவுலயே சின்ன ஸ்பீக்கர் இருக்கது) ஜோடி, வெள்ளை, மின்தடை 4 ஓம், ஆர்எம்எஸ் (நிக்காம தாங்குற பவர்) 50 வாட்ஸ், பீக் (ஒரு நொடிக்கு தாங்குறது) 150 வாட்ஸ். கடையில கையிருப்பு இல்ல, சொல்லி வச்சு வரவழைச்சுக் குடுத்தாங்க, பில்லும் வாரண்டி கார்டும் சீல் போட்டுக் குடுத்தாங்க, இத ஏன் சொல்றேன்னா மரைன் சாமான்ல போலி கொஞ்சம் ஓடுது, அதனால பில் இல்லாம வாங்காதீங்க. கார் ஸ்பீக்கருக்கு குடுக்குறதவிட நல்லாவே கூட ஆச்சு, ஆனாலும் ஜோடி பத்தாயிரத்துக்குள்ள முடிஞ்சுச்சு. மாட்டி ஒரு வாடைக் காலம் பூரா தாண்டிருச்சு, அணியத்துல, அதாவது வல்லத்தோட முன்பக்கத்துல, அலை ஏறி அடிச்ச நாளெல்லாம் இருக்கு, இன்னைக்கு வரைக்கும் சவுண்டுல கரகரப்பு இல்ல, கோன அமுக்குனா மெத்துன்னு போய்ட்டு வருது, முன்னாடி மூடியிருக்க கிரில்லுல மஞ்ச ஏறல.

வாட்ஸ் விஷயத்துல ஏமாறாதீங்க. பீக் நம்பர் விளம்பரத்துக்கு, ஆர்எம்எஸ்தான் நெசம். அதே மாதிரி பிளேயர் மேல 50 வாட்ஸ் பெருக்கல் 4னு போட்டிருப்பாங்க, 12 வோல்ட்ல நேரடியா ஓடுற சாதா பிளேயர் 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு சேனலுக்கு 20 வாட்ஸ் சொச்சம்தான் தள்ள முடியும், அதுக்கு மேல வேணும்னா தனி ஆம்ப்ளிஃபயர் வைக்கணும். இதவிட முக்கியமா சென்சிடிவிட்டிய பாருங்க, 1 வாட்ஸுக்கு 1 மீட்டர்ல எத்தன டெசிபல்னு போட்டிருப்பாங்க. 90னு வச்சிக்குவோம், தொறந்த வெளியில தூரம் ரெண்டு மடங்கு ஆனா 6 டெசிபல் கொறையும், 2 மீட்டர்ல 84, 4 மீட்டர்ல 78, 8 மீட்டர்ல 72தான். வாட்ஸ ரெண்டு மடங்காக்குனா 3 டெசிபல்தான் கூடும். அதனால 87 போட்ட ஸ்பீக்கருக்கு 40 வாட்ஸ் குடுக்குறதும் 90 போட்ட ஸ்பீக்கருக்கு 20 வாட்ஸ் குடுக்குறதும் ஒண்ணுதான். மச்சினன் வல்லத்துல பேட்டரி கரைக்கு வந்துதான் சார்ஜ் ஏத்தணும், அந்த பேட்டரியிலதான் லைட்டு, ஜிபிஎஸ், படகுக்குப் படகு பேசுற விஹெச்எஃப் ரேடியோ எல்லாம் ஓடணும், அதனால வாட்ஸ கூட்டிக்கிட்டே போறது அங்க சரிப்படாது, சென்சிடிவிட்டி கூட உள்ள ஸ்பீக்கர்தான் சரி.

இப்ப எங்க மாட்டுறதுங்கிற விஷயம். மச்சினன் ஆசை என்னன்னா அவன் அமரத்துல, அதாவது பின்பக்கத்துல, சுக்கான் பிடிச்சு உக்காந்திருக்க எடத்துக்குப் பக்கத்துலயே எஞ்சின் பெட்டி ஓரமா ரெண்டயும் வச்சிரணும்னு, "மாமா காதுக்கு கிட்ட இருந்தாத்தான கேக்கும், வாட்ஸும் மிச்சம்"ங்கிறான், கணக்கா பாத்தா அவன் சொல்றது ஞாயம்தான். ஆனா அங்கதான் காம்பஸ் பெட்டி இருக்கு. ஸ்பீக்கருக்குப் பின்னாடி இருக்கது நல்ல வலுவான காந்தம், காம்பஸுக்கு கிட்ட போனா முள்ள அது தன் பக்கம் இழுத்துரும். வாயால சொன்னா நம்பமாட்டான்னு கரையில வல்லம் நிக்கிறப்பயே செஞ்சு காட்டுனேன். காம்பஸ பலகை மேல வச்சு வடக்க பாத்து நிக்க விட்டுட்டு ஸ்பீக்கர ரெண்டு கையிலயும் பிடிச்சு தள்ளி நின்னு மெதுவா கிட்ட கொண்டு வந்தேன், மொதல்ல ஒண்ணும் இல்ல, ஒரு கை நீளத்துக்கு வந்ததும் உள்ள இருக்க வட்டத் தட்டு லேசா அசஞ்சுச்சு, இன்னும் ஒரு சாண் கிட்ட போனதும் வடக்கு எழுத்து மெல்ல மெல்ல கெழக்க பாத்து திரும்ப ஆரம்பிச்சுச்சு, பக்கத்துல வச்சதும் முழுசா ஸ்பீக்கர பாத்து நின்னுருச்சு. மச்சினன் ஒண்ணுமே பேசல, ஸ்பீக்கர வாங்கி அவனே அணியத்துப் பக்கம் கொண்டு போய் வச்சுட்டான். ஜிபிஎஸ் இருக்கே காம்பஸ் எதுக்குன்னு கேக்குற ஆளுக இருக்காங்க, சாட்டிலைட் சிக்னலுக்கு காந்தத்தால ஒண்ணும் ஆகாதுதான், ஆனா நடுராத்திரி பேட்டரி எறங்கிப் போச்சுன்னா கைல இருக்கது காம்பஸ் மட்டும்தான், அதுவும் பாக் நீரிணைப்புல திசை தப்பிப் போனா எங்க போய் நிக்கணும்னு தொண்டிக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. கொறஞ்சது ஒரு மீட்டராச்சும் தள்ளி வைங்க, மாட்டுறதுக்கு முன்னாடி இந்த மாதிரி கையில பிடிச்சு சோதிச்சுருங்க. இன்னொண்ணு, காம்பஸ் பக்கமா பேட்டரி வயர் போகுதுன்னா ப்ளஸ்ஸயும் மைனஸயும் ஒண்ணோட ஒண்ணு முறுக்கி கொண்டு போங்க, தனித்தனியா போனா அந்த கரண்டே முள்ள லேசா தள்ளும்.

கடைசியா அணியத்து மேல்தட்டுக்கு கீழ நிக்கிற தடுப்புல, ரெண்டு ஓரத்துலயும் அமரத்த பாத்த மாதிரி மாட்டுனோம். அலை முன்னாலருந்து அடிக்குது, ஸ்பீக்கர் முகம் பின்னால பாக்குது, அதனால நேரடி அடி விழறதில்ல. நடுவுல வலை குமிச்சுக் கெடந்தா சவுண்டு அமுங்கும், அதனால எடம் குடுத்த வரைக்கும் மேல ஏத்தி வச்சோம். தடுப்புக்குப் பின்னாடி நங்கூரக் கயிறு, தண்ணிக் கேனு எல்லாம் கெடக்கும், அதெல்லாம் உருண்டு வந்து காந்தத்துலயும் டெர்மினல்லயும் இடிக்கும். அதுக்கு நாங்க பெயின்ட் வாளிய வெட்டி, வெளிம்புல ரப்பர் பட்டி ஒட்டி, ஸ்பீக்கருக்குப் பின்னாடி கவுத்து திருகிட்டோம், அடியில மட்டும் தண்ணி வடிய சின்ன ஓட்டை. இதுல எதிர்பாக்காத நன்மை ஒண்ணு கெடச்சுச்சு, பின்னாடி மூடுனதும் பேஸ் நல்லா கட்டுக்கோப்பா வந்துருச்சு, மூடாதப்ப கோனோட முன்பக்கக் காத்தும் பின்பக்கக் காத்தும் ஒண்ண ஒண்ணு அடிச்சிக்கிட்டு தபேலா சத்தமே வெறும் தட்டலாத்தான் கேட்டுச்சு.

ஃபைபர வெட்டுறது கவனமா பண்ண வேண்டிய வேலை. பெட்டியில வர்ற அட்டை அளவ வச்சு வட்டம் போடுங்க, போடுறதுக்கு முன்னாடி பின்னாடி எத்தன இஞ்ச் ஆழம் இருக்குன்னு ஸ்கேல் விட்டுப் பாருங்க, ஸ்பீக்கர் உள்ள எறங்குற ஆழம் மேனுவல்ல இருக்கும். வெட்டுற எடம் பூரா மாஸ்கிங் டேப் ஒட்டி அது மேல கோடு போடுங்க, இல்லாட்டி மேல இருக்க வழவழப்பான ஜெல்கோட் பூச்சு சில்லு சில்லா பேந்துரும். வட்டமா அறுக்குற ஹோல் சா போட்டா மொதல்ல ட்ரில்ல ரிவர்ஸ்ல ஓட விடுங்க, ஜெல்கோட் மட்டும் சுத்தமா வட்டமா அறுபடும், அதுக்கப்பறம் நேரா ஓட்டுங்க. மாஸ்க்கும் கண்ணாடியும் இல்லாம வெட்டாதீங்க, கையையும் முழுசா மூடிக்குங்க, அந்தக் கண்ணாடித் தூசி நுரையீரலுக்கு ஆகாது, தோல்ல பட்டா நாள் பூரா அரிக்கும். வெட்டுன ஓரம் பூரா ரெசின் தடவி காய விடணும், நெறைய வல்லத்துல ரெண்டு ஃபைபருக்கு நடுவுல பிளைவுட் வச்சிருப்பாங்க, வெட்டுன எடத்துல தண்ணி எறங்குச்சுன்னா பலகை உள்ளுக்குள்ளயே உளுத்துப் போகும், வெளிய தெரியவும் தெரியாது.

ஸ்க்ரூல கஞ்சத்தனம் வேணாம். எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு சொல்லி கடையில குடுக்குற தானா துளைச்சிக்கிட்டுப் போற ஸ்க்ரூ பல நேரம் 410 கிரேடா இருக்கும், ஒரு காந்தத்த வச்சா டப்புன்னு பிடிக்கும், அது கடலுக்கு ஆகவே ஆகாது. 304ம் கடல்ல டீ கறை மாதிரி துரு பூத்துரும். 316தான் கேட்டு வாங்கணும், அதுல மாலிப்டினம் சேந்திருக்கறதாலதான் உப்ப தாங்குது. பெட்டியில ஸ்பீக்கரோட வர்ற ஸ்க்ரூ என்ன கிரேடுன்னு பாத்துக்குங்க. ஸ்பீக்கருக்கும் தடுப்புக்கும் நடுவுல ரப்பர் கேஸ்கட் இருக்கும், அது போதும். சில பேரு அதுக்கு மேல சிலிக்கான அப்பிருவாங்க, அப்படி போடுறதா இருந்தா வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கான் மட்டும் வேணாம், அது காயிறப்ப வர்ற ஆசிட் செம்ப அரிச்சுரும், நியூட்ரல்னு எழுதியிருக்கத வாங்குங்க.

வயர்லதான் படகு ஸ்பீக்கர் பாதி சாகுது. சாதா செம்பு வயர்ல முனையில ஏறுன உப்புத் தண்ணி இழைக்கு இழை ஊறி உள்ள போய்க்கிட்டே இருக்கும், மேல உறை நல்லா இருக்கும், சீவிப் பாத்தா உள்ள கம்பி கன்னங்கரேல்னு இருக்கும், பத்த வச்சாலும் ஈயம் பிடிக்காது. ஒவ்வொரு இழைக்கும் வெள்ளீயம் பூசுன மரைன் வயர் கெடச்சா கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க. கடையில மலிவா குடுக்குற ஸ்பீக்கர் வயர் நெறைய அலுமினியம் மேல செம்பு பூசுனது, முனைய சுரண்டிப் பாத்தா உள்ள வெள்ளையா தெரியும், அத படகுக்குள்ளயே ஏத்தாதீங்க. தடிமனுக்கும் ஒரு கணக்கு இருக்கு, அமரத்துலருந்து அணியத்துக்கு 7 மீட்டர்னா போக வர 14 மீட்டர் கம்பி, 0.5 ஸ்கொயர் எம்எம் போட்டா வயர்லயே அரை ஓம் போயிரும், 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது பெரிய நஷ்டம், நாங்க 1.5 போட்டோம். ஒவ்வொரு ஜாயின்டயும் கிரிம்ப் பண்ணி (அமுக்கிப் பிடிக்க வச்சு), உள்ள பசை இருக்க, சூடு பட்டா சுருங்குற ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு, பசை ஓரத்துல வழியிற வரைக்கும் சூடு காட்டி மூடுனோம். டெர்மினல் மேல பெட்ரோலியம் ஜெல்லி. வயரு ஸ்பீக்கர சேர்ற எடத்துல ஒரு வளைவு தொங்க விட்டுருங்க, வயர் வழியா வர்ற தண்ணி டெர்மினலுக்கு ஏறாம அந்த வளைவுல சொட்டிரும். ஃப்யூஸ் பேட்டரி ப்ளஸ்ல இருந்து ஒரு சாணுக்குள்ள இருக்கணும், பிளேயர் பக்கத்துல வச்சா நடுவுல இருக்க வயர் உரசி ஷார்ட் ஆச்சுன்னா அத காப்பாத்த ஒண்ணும் இல்ல, டீசலும் வலையும் இருக்க எடத்துல நெருப்புப் பிடிச்சா நடுக்கடல்ல எங்க எறங்கி ஓடுறது.

மாட்டுன ஒடனே ப்ளஸ் மைனஸ் சரியான்னு பாக்க ரிமோட்ல போடுற ஒன்றரை வோல்ட் செல்லு போதும். பிளேயர்ல சொருகுற முனையில வயர கழட்டி செல்லோட ப்ளஸ்ஸ ப்ளஸ் வயர்லயும் மைனஸ மைனஸ் வயர்லயும் ஒரு நொடி தொட்டா கோன் முன்னால தள்ளணும், ரெண்டு ஸ்பீக்கரும் ஒரே பக்கம் தள்ளணும். ஒண்ணு முன்னாலயும் ஒண்ணு பின்னாலயும் போச்சுன்னா எத்தன நல்ல ஸ்பீக்கரா இருந்தாலும் பேஸ் காணாமப் போயிரும்.

பிளேயர் வட்டமா மீட்டர் மாதிரி இருக்க சின்ன மரைன் டைப், எஃப்எம், ப்ளூடூத், யூஎஸ்பி இருக்கு, எஞ்சின் பெட்டி பக்கவாட்டுல ஒரு ஓட்டை போட்டு எறக்குனோம். இந்த மாதிரி பிளேயர்ல ஐபி 66னு போட்டிருந்தா அது பெரும்பாலும் முன்முகத்துக்கு மட்டும்தான், பின்பக்கம் கனெக்டரெல்லாம் தொறந்துதான் கெடக்கும், அதனால பின்னாடி ஒரு மூடி போட்ட டப்பாவுக்குள்ள வச்சு வயர் வர்ற ஓட்டைக்கு தண்ணி எறங்காம இறுக்கிப் பிடிக்கிற கிளாண்ட் போட்டுருங்க. எஃப்எம் ஏரியல்ல ஒரு விஷயம் கவனிங்க, கார் ஏரியல் காரோட தகர பாடிய துணைக்கு வச்சுத்தான் வேல செய்யும், ஃபைபர் வல்லத்துல அந்தத் தகரம் இல்ல, அதனால சாதா கார் ஏரியல் மாட்டுனா கரகரன்னுதான் இருக்கும், ரெண்டு கையா விரியிற டைபோல் வயர் ஏரியல் வாங்குங்க, வெல ரொம்ப கம்மி. மதுரையில வீட்டுல உக்காந்து கொடைக்கானல் 100.5 கேட்டுப் பழகுன எனக்கு ராத்திரி தொண்டிக் கடல்ல இலங்கைத் தமிழ் எஃப்எம் அவ்வளவு தெளிவா வந்து விழுந்தது பெரிய சந்தோசம், நடுவுல தடுக்க ஒரு மேடு பள்ளம் இல்லாத வெறும் தண்ணிங்கறதால அப்படி வருது.

சவுண்டு எப்படி இருக்குன்னு நேரா சொல்லணும்னா, எஞ்சின நிறுத்திட்டு வலைக்கு காவல் கெடக்குற நேரத்துல அருமையா இருக்கு, பாடுற குரல் தனியா, நாதஸ்வரம் தனியா, எல்லாம் பிரிஞ்சு கேக்குது, பாதி வால்யூமே அதிகம். எஞ்சின் முழு ஓட்டத்துல அமரத்துல உக்காந்தா பாட்டு மெட்டு பிடிபடும், செய்தி வாசிக்கிறது முழுசா புரியாது. இது ஸ்பீக்கரோட கொறையே இல்ல, தொறந்த வெளியில செவுரு கெடையாது, சவுண்டு போனது போனதுதான். பேஸும் கார்ல கேக்குற அளவுக்கு எதிர்பாக்காதீங்க. எஞ்சின் ஓடறப்பயும் பேச்சு கேட்டே ஆகணும்னா கோயில் திருவிழாவுக்கு கட்டுற குழாய் ஸ்பீக்கர்தான் வழி, அது கம்மி வாட்ஸ்லயே தூரத்துக்கு கத்தும், மழை வெயிலுக்கும் அசராது, பாட்டு கேக்கத்தான் நல்லா இருக்காது. எப்படியா இருந்தாலும் விஹெச்எஃப் 16ஆம் சேனல் காதுல விழுற அளவுக்குத்தான் பாட்டு இருக்கணும், ஆபத்துக்கு கூப்புடுறவன் அதுலதான் கூப்புடுவான், அதனால கை எட்டுற தூரத்துல ஸ்பீக்கருக்குன்னு தனி சுவிட்ச் ஒண்ணு வச்சுக் குடுத்துட்டேன்.

கரைக்கு வந்ததும் ஒரு குவளை நல்ல தண்ணிய கிரில் மேல மெதுவா ஊத்தி ஈரத்துணியால தொடைக்கணும், பிரஷர் பம்பு வச்சு அடிக்கக் கூடாது. சோப்பு, பெட்ரோல், தின்னர் எதுவும் ரப்பர் மேல படக்கூடாது. தொழிலுக்குப் போகாம நிறுத்தி வைக்கிற காலத்துல கிரில்ல கழட்டி உள்ள மணலும் செதிலும் இருக்கான்னு பாத்து எடுத்துட்டு, வெயில் படாம துணி கட்டி வச்சா போதும்.

வைகை அணை, கொடைக்கானல் ஏரி மாதிரி நல்ல தண்ணியில ஓடுற படகுக்கு இத்தன செலவு தேவையில்ல, அங்க உப்பு கெடையாது, ஐபி நம்பரும் வெயில் தாங்குற பிளாஸ்டிக்கும் பாத்தா போதும், 304 ஸ்க்ரூவே நிக்கும். அந்த மாதிரி எடத்துல மாட்டுறவங்க அணை, ஏரி நிர்வாகத்துகிட்ட சவுண்டு வைக்க அனுமதி இருக்கான்னு கேட்டுக்குங்க. மதுரையில ஸ்பீக்கரும் பிளேயரும் வாங்கிட்டு 316 ஸ்க்ரூவயும் மரைன் வயரயும் தனியா தேடிப் பிடிங்க, அது ரெண்டும் ஒரே கடையில கெடைக்கல எனக்கு. மச்சினன் இப்ப அமரத்துப் பக்கம் பேச்சு கேக்க ஒரு சின்ன குழாய் ஸ்பீக்கர் வேணும்ங்கிறான், அதுக்கும் பின்னாடி காந்தம் இருக்கு, காம்பஸ் பெட்டிய எங்க நகத்தலாம்னு பாத்துட்டுத்தான் அதுக்கு எடம் குறிக்கணும்.